படபடப்புக்கு மாத்திரை: வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

எஸ்சிடலோபிராம் 10 மி.கி. ஆரம்பிச்சு அஞ்சு நாளாச்சு. படபடப்பு கூடியிருக்கே தவிர குறையலை. வயித்தைப் புரட்டுது. நிறுத்திடலாமா டாக்டர்?
— வாசகி, தண்டையார்பேட்டை

இப்போது நிறுத்திவிடாதீர்கள் அம்மா. மூளையில் ஒரு நரம்பணு வெளிவிடும் செரோடோனின் என்ற ரசாயனத்தை அதே அணு திரும்ப இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பை இந்த மாத்திரை தடுக்கிறது. தடுப்பு முதல் நாளே நடந்துவிடும். அதற்கு மூளை பழகத்தான் நாளாகும். குமட்டலும் கூடுதல் படபடப்பும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பிட்ட பிறகு போடுங்கள். தாங்க முடியவில்லை என்றால் எழுதிய டாக்டரிடமே போங்கள். அளவைக் குறைத்து, மெல்ல ஏற்றலாம். 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரியும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் இலவசம்.

அப்பாவுக்கு 62 வயசு. மூணு வருஷமா ராத்திரி அல்பிரசோலம் போடறார். தெரிஞ்ச மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே வாங்கறார். பிடுங்கி வெச்சுடட்டுமா?
— வாசகர், காசிமேடு

பிடுங்காதீர்கள், தயவுசெய்து. இந்தக் கேள்விக்காகத்தான் இன்று எழுதவே உட்கார்ந்தேன். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை அல்பிரசோலம் கூட்டுகிறது. அரை மணி, ஒரு மணியில் நெஞ்சு லேசாகும். அந்த வேகம்தான் ஆளைப் பிடித்துக்கொள்கிறது. சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும். மூன்று வருஷம் போட்டவர் திடீரென விட்டால் தூக்கம் போகும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் இறக்க வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள். அதுவரை, மாத்திரை போடும் நாளில் குடி அறவே கூடாது: இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். ராத்திரி பாத்ரூம் விளக்கு எரியட்டும். இந்த வயதில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டில்லாமல் இதை விற்பது சட்டப்படியும் தப்பு.

கானா பாடறேன். மேடை ஏறினா கை நடுங்குது. ஃபிரெண்டு ப்ரோப்ரனோலால் தர்றான். எனக்குச் சின்ன வயசுல இருந்து வீசிங் உண்டு.
— வாசகர், வியாசர்பாடி

தொடவே தொடாதீர்கள் தம்பி. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரட்டுவதை அந்த மாத்திரை தடுக்கும், நடுக்கம் நிற்கும். ஆனால் மூச்சுக்குழாயையும் இறுக்கிவிடும். வீசிங் இருப்பவருக்கு அது உயிராபத்து. டாக்டரிடம் வீசிங்கைச் சொல்லி வேறு வழி கேளுங்கள்.

ஆயுசு முழுக்க மாத்திரைதானா?
— வாசகி, திருவொற்றியூர்

பலருக்கு இல்லை. எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரையை, நன்றாகி 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்படி மெதுவாகக் குறைப்போம்.