சி2சி சைக்கிள் பாதை: மூன்று நாளா, நான்கு நாளா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன், வயது 46. வார இறுதிகளில் சமதளத்தில் 50, 60 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு. வடக்கு இங்கிலாந்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் சி2சி (சீ டு சீ, அதாவது கடலிலிருந்து கடலுக்கு) பாதையில் நானும் மச்சானும் போகலாம் என்றிருக்கிறோம். மூன்று நாள் தாராளம் என்கிறார் அவர். போதுமா? என்னுடைய ஹைப்ரிட் சைக்கிள் தாங்குமா?

பதில்: சைக்கிள் தாங்கும். மூன்று நாளில் முடிப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் உங்களுக்கு நான்கு நாள் என்றே சொல்வேன்.

சைக்கிள் பாதைகளுக்காக உழைக்கும் சஸ்ட்ரான்ஸ் அமைப்பு 1994இல் திறந்த இந்தப் பாதையின் நீளம் சுமார் 140 மைல், அதாவது 225 கிலோமீட்டர். மூன்றால் வகுத்தால் நாளுக்கு 75. மச்சான் போட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும். வகுத்தல் சரி, ஆனால் மலை அப்படி வகுபடாது. கடுமையான ஏற்றங்களில் பெரும்பாலானவை பென்ரித்துக்கும் ஸ்டான்ஹோப்புக்கும் இடையில் குவிந்து கிடக்கின்றன. எங்கே தங்குவது என்பதைக் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஏற்றத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

மேற்குக் கரையில் வொர்க்கிங்டனிலிருந்தும் தொடங்கலாம், நான் சொல்வது வைட்ஹேவன். பின்சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைத்துவிட்டுக் கிளம்புவதும், முன்சக்கரத்தை வட கடலில் நனைத்து முடிப்பதும் வழக்கம். (துறைமுகச் சரிவில் பாசி வழுக்கும், பார்த்து இறங்குங்கள்.) தொடக்கத்தில் சைக்கிள் பாதையாக மாற்றிய பழைய ரயில் தடம், அப்புறம் லோஸ்வாட்டர் ஏரிப்பக்கம், வின்லேட்டர் கணவாயில் 318 மீட்டர் உயரம். அங்கிருந்து இறங்கினால் கெசிக். முதல் நாளுக்கு இந்த 50 கிலோமீட்டர் போதும்.

இரண்டாம் நாள் சுலபமானது. கெசிக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரை மறுபடியும் ரயில் தடம்தான். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் அதன் பாலங்களை அடித்துப்போனது. 2020 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். பென்ரித்தில் தங்கலாம். கால் ஒத்துழைத்தால் இன்னும் கொஞ்சம் போய் லாங்வத்பி கிராமத்தில் தங்குங்கள், மறுநாள் காலை மிச்சமாகும்.

மூன்றாம் நாள்தான் பரீட்சை. முதலில் ஹார்ட்சைடு கணவாய், 580 மீட்டர் உயரம். உச்சியில் பேர்போன காபிக்கடை ஒன்று இருந்தது, 2018இல் எரிந்துபோனது. பழைய வழிகாட்டியை நம்பி வெறும் பாட்டிலோடு ஏறாதீர்கள், தண்ணீரும் தின்பண்டமும் கீழேயே வாங்கிவிடுங்கள். உச்சிக்கு முன்னால் பாதை ஏ686 சாலையில் சேரும். அந்த வளைவுகளில் வேகமாக வருவது மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பெரிய குஷி. பளிச்சென்று உடுத்திக்கொள்ளுங்கள்.

ஹார்ட்சைடு நீளமான ஏற்றம், ஆனால் தாளம் பிடித்து ஏறிவிடலாம். நென்ட்ஹெட்டுக்கு அப்பால் வருபவை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது. பிளாக் ஹில் 609 மீட்டர், தேசிய சைக்கிள் வலையமைப்பிலேயே மிக உயரமான இடம். இவ்வளவு உயரத்தில் ஊர்கள் முளைத்ததற்குக் காரணம் ஈயச் சுரங்கம். நென்ட்ஹெட், ஆலன்ஹெட்ஸ் இரண்டுமே அப்படி வளர்ந்தவை. ஆலன்ஹெட்ஸிலோ ருக்ஹோப்பிலோ இரவு தங்குங்கள், இரண்டும் சின்ன ஊர் என்பதால் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

நான்காம் நாள் ஸ்டான்ஹோப்பை விட்டு வெளியேறும் கிராலிசைடு ஏற்றம். 1834இல் இங்கே சுண்ணாம்புக்கல் ரயில் பாதை திறந்தபோது, சரிவு அதிகமாக இருந்ததால், மேலே நீராவி எந்திரத்தை நிறுத்தி வைத்துக் கயிற்றால்தான் வண்டிகளை இழுத்தார்கள். அப்படிப்பட்ட மேட்டில் நீங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே போனதும் அதே ரயில் தடம் வாஸ்கர்லி வே என்ற சைக்கிள் பாதையாகக் கான்செட் வரை அழைத்துப்போகும், பெரும்பாலும் இறக்கம்தான். கான்செட்டில் பாதை பிரியும். சண்டர்லண்ட் கிளையும் நல்லதுதான். என் ஓட்டு டைன்மவுத்துக்கு: டெர்வென்ட் வாக் என்ற பாதை வழியாக இறங்கி, நியூகாசிலின் பாலங்களுக்கு அடியில் டைன் ஆற்றோடு கடல் வரை போகலாம்.

மேற்கிலிருந்து கிழக்கே போகச் சொல்வது காற்றுக்காக, பெரும்பாலான நாள்களில் அது முதுகில் தள்ளும். ஒரே வம்பு ஹெல்ம் காற்று. கிராஸ் ஃபெல் மலையிலிருந்து ஈடன் பள்ளத்தாக்குக்குள் வடகிழக்கிலிருந்து பாயும் அந்தக் காற்று, ஹார்ட்சைடு ஏறுபவரை நேருக்கு நேர் மோதும். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் அது அதிகம். ஜூன் மாதத்தில் போங்கள், பகலும் நீளம்.

சைக்கிளில் பார்க்கவேண்டியது கியர்தான். முன்பல் சக்கரத்தின் மிகச் சிறியதும் பின்பல் சக்கரத்தின் மிகப் பெரியதும் குறைந்தது சம எண்ணிக்கைப் பற்களாவது கொண்டிருக்கட்டும். பின்னது பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. டயர் 32 மி.மீ. அகலத்துக்குக் குறையவேண்டாம். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், ஈரமான நீண்ட இறக்கங்களில் பழையவை சீக்கிரம் தேயும். பயிற்சிக்கு லண்டனுக்குத் தெற்கே உள்ள பாக்ஸ் ஹில் குன்றுப் பக்கம் போய், பையைக் கட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப ஏறுங்கள். சமதளத்தில் நூறு கிலோமீட்டர் ஓட்டுவதைவிட அது உதவும்.

கடைசியாக ரயில். யூஸ்டனிலிருந்து கார்லைல், அங்கே மாறிக் கடலோர ரயிலில் வைட்ஹேவன். திரும்பும்போது நியூகாசிலிலிருந்து கிங்ஸ் கிராஸ். நெடுந்தூர ரயில்களில் சைக்கிளுக்கும் தனியாக இடம் பதியவேண்டும், அந்த இடங்கள் குறைவு. அறை பிடிப்பதற்கு முன்பே இரண்டு சைக்கிளுக்கும் இரு வழியும் இடம் கிடைக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்பத் தேதியை முடிவு செய்யுங்கள்.