டோன் குமிழ்

அன்புள்ள அண்ணா,
லேப்டாப்பில் சிந்தசைசர் பழகுகிறேன். ஒலியின் மேல் பகுதியை வெட்டும் மூக் வகை ஃபில்டரில் ரெசனன்ஸை (வெட்டும் இடத்தை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் காட்டும் குமிழ்) ஏற்றினால் பேஸ், அதாவது கீழ் ஒலி, மெலிந்துவிடுகிறது. பிளகின் மென்பொருளின் கோளாறா? மேல் ஒலியை எவ்வளவு செங்குத்தாக வெட்டும் என்பதற்கு 12 டெசிபல், 24 டெசிபல் என்று ஃபில்டர்கள் இருக்கின்றன, இரண்டில் எதை வாங்கலாம்?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கோளாறு இல்லை. 1960களில் ராபர்ட் மூக் செய்த லேடர் ஃபில்டரின் குணமே அதுதான். வெளியே வரும் ஒலியைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே விடுவதுதான் அங்கே ரெசனன்ஸ். கட்ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்) பக்கத்தில் ஃபில்டரின் நான்கு படிகளும் சேர்ந்து அலையை ஏற்கெனவே கவிழ்த்துவிடுவதால் திரும்பி வருவது கூடிக்கொண்டு விம்முகிறது. கீழே, பேஸில், அந்தக் கவிழ்ப்பு இல்லை, திரும்பி வருவது உள்ளே வரும் ஒலியைக் கழித்துவிடுகிறது. எதை வாங்கலாமா? ஒன்றையும் வாங்காதீர்கள். இருப்பதையே தொடாமல் கடைக்கு ஓடுகிற வியாதி இது.

எங்கள் வீட்டு வால்வு ரேடியோவில் ஒரு டோன் குமிழ் இருந்தது, அதுவும் ஒரு ஃபில்டர்தான். இரைச்சல் அதிகமானால் அப்பா அதைக் குறைப்பார். கரகரப்பு போகும், கூடவே செய்தி வாசிப்பவரின் சகரமெல்லாம் போய் 'செய்திகள்' 'எய்திகள்' ஆகிவிடும். பாட்டு ஓடும்போது நான் அதை மெல்லத் திறந்து மூடுவேன், வயலின்கள் ஊ... ஆ... ஊ என்று வாய் திறந்து பேசும், முதுகில் ஒன்று விழும்.

வாய் என்று சும்மா சொல்லவில்லை. ஒரே ஸ்வரத்தில் 'ஊ'விலிருந்து 'ஈ'க்குப் போய்ப் பாருங்கள். தொண்டை அதேதான், மாறுவது வாயின் வடிவம். ஃபில்டர் ஓரிடத்தில் நின்றால் அது வெறும் மூடி, நகர்ந்தால்தான் பேச்சு. 110 ஹெர்ட்ஸ் சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலையில் 220, 330, 440 என்று அத்தனை மடங்குகளும் இருக்கின்றன. கட்ஆஃபை 200-இல் வையுங்கள், மந்தமாக ஒரு முனகல்தான் வரும். என்வலப்பால் (குமிழை நேரத்துக்கேற்பத் தானே திருப்பும் பகுதி) அதைச் சட்டென்று 2000-க்குத் தூக்கி உடனே விழவிட்டால் தந்தியைச் சுண்டியது போல இருக்கும், நிதானமாகத் தூக்கினால் டிரம்பட் ஊதுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இசையமைப்பாளர் ஜான்-க்ளோட் ரிஸ்ஸே டிரம்பட்டை அலசிக் கண்டதும் இதைத்தான்: சத்தம் ஏற ஏற மேல் மடங்குகளும் ஏறுகின்றன. அலை அதேதான் தம்பி, நகர்வுதான் வேறு. இதை விட்டுவிட்டு டெசிபல் கணக்கா?

சரி, கேட்டுவிட்டீர்கள். கட்ஆஃபைத் தாண்டி மேலே போனால், ஆக்டேவுக்கு ஆக்டேவ் (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும்) அலையின் உயரம் 12-இல் நான்கில் ஒரு பங்காகும், 24-இல் பதினாறில் ஒன்று. அவ்வளவுதான்.

ஒரு வாரம் ஃபில்டர் என்வலப்பின் டிகே குமிழை (ஏறியது எவ்வளவு வேகமாக விழும் என்பது) மட்டும் தொடுங்கள். அப்புறம் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஒலியை அனுப்புங்கள்.