குளிரை வாங்கலாம், மிஷினை வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்கு ஓடி ஏறி, ஓடியே இறங்குகிற குழு எங்களுடையது. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்குத் தொடை பிடித்துக்கொள்கிறது. சில்லர் மிஷினோடு ஐஸ் பாத் டப் ஒன்றை விளம்பரத்தில் பார்த்தோம். விலை 85,000 ரூபாய். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கலாமா?
– கோரிமேடு வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் முயன்று பாருங்கள்.

உங்கள் வலிக்குக் காரணம் ஏற்றம் இல்லை, இறக்கம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே வரும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே உடம்புக்கு பிரேக் போடுகிறது. அதில் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி உடனே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். இன்னொரு விஷயத்தை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். அதே இறக்கத்தில் அடுத்த வாரமும் ஓடினால் வலி முன்பை விடக் குறைவாகவே இருக்கும். தசை பழகிக்கொள்ளும், செலவில்லாமல்.

குளிர் தண்ணீர் வலியைக் குறைக்கிறதா என்றால், ஓரளவு குறைக்கிறது. 17 சிறிய ஆய்வுகளை, மொத்தம் 366 பேரை, சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பு 2012-ல் வந்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களை விடக் குளிர் தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த சில நாள் வலி குறைவு என்று அது சொன்னது. ஆனால் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தவருக்குத் தான் உட்கார்ந்தது தெரியும் அல்லவா? 'நமக்கு வைத்தியம் நடக்கிறது' என்ற எண்ணமே எவ்வளவு வலியைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வலி குறைவதும் தசை சீக்கிரம் ஆறுவதும் வேறு வேறு என்பதையும் மனதில் வையுங்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இனி பணத்துக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லும் அளவு 10 முதல் 15 டிகிரித் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம். அதற்குக் கீழே போவதால் கூடுதல் பலன் என்று நிரூபணம் இல்லை, ஆபத்துதான் கூடும். ஆக, '3 டிகிரி வரை போகும்' என்பதற்காக நீங்கள் கொடுக்கும் காசு வீண். உங்களுக்கு வலி தொடையில்தான். கழுத்து வரை முங்கவும் தேவையில்லை, இடுப்பு வரை போதும். அதற்கு 100 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போர் தண்ணீர் 28 டிகிரி இருந்தால், அதை 14-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 15 கிலோ ஐஸ் பிடிக்கும். அதே 100 லிட்டரைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் இருந்து 36 டிகிரியில் பிடித்தால் 23 கிலோ ஆகிவிடும். காலையிலேயே பிடித்து நிழலில் மூடி வைத்தால் மிச்சமாவது 8 கிலோ ஐஸ். ஐஸ் கம்பெனியில் ஒரு ஐஸ் பார் (பெரிய கட்டி) என்ன விலை என்று கேட்டு, மாதத்துக்கு எத்தனை ஞாயிறு உண்மையிலேயே ஓடுகிறீர்கள் என்று பெருக்கிப் பாருங்கள். 85,000 ரூபாய்க்கு எத்தனை வருட ஐஸ் வரும் என்பது தெரிந்துவிடும். ஒரே தண்ணீரில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் இறங்கலாம், சூடு ஏறினால் கொஞ்சம் ஐஸ் சேர்த்தால் போதும். இறங்குமுன் காலைக் கழுவிக்கொள்ளுங்கள். சிராய்ப்பு, புண் இருப்பவர் இறங்க வேண்டாம். பார் ஐஸ் குடிநீரில் செய்ததாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஷின்தான் வேண்டும் என்றால், விற்பவரிடம் குதிரைத் திறனைக் கேட்காதீர்கள். குளிரூட்டும் திறன் எத்தனை வாட், அது எந்த அறை வெப்பத்தில் அளந்தது என்று கேளுங்கள். 300 லிட்டரை 30-ல் இருந்து 12 டிகிரிக்கு இறக்க, 1,000 வாட் குளிரூட்டும் திறன் உள்ள மிஷினுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் வெளிவெப்பம் உள்ளே வராது என்று வைத்துப் போட்ட கணக்கு. 25 டிகிரி அறையில் அளந்த திறன் சேலத்து மே மாத மொட்டைமாடியில் கிடைக்காது. கம்ப்ரசர் போனால் சேலத்திலேயே பார்ப்பார்களா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் எர்த் இணைப்பும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இல்லாமல் பிளக்கைச் செருகவே கூடாது.

குளிர் தண்ணீரில் இறங்கிய முதல் நிமிடத்தில் மூச்சு இறைக்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள், குளிர் பட்டால் விரல் வெளுத்துப்போகிறவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தனியாக யாருமே வேண்டாம். ஓடிய பிறகு சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் ஐஸையும் டிரம்மையும் விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலையாக இருக்கலாம்.

கேள்வி: மைனஸ் 110 டிகிரி அறையில் மூன்று நிமிடம் நின்றால் தசை வலி போகும், மூட்டுவாதம் குணமாகும், ஒரே தடவையில் 800 கலோரி எரியும் என்ற விளம்பரத்தை நம்பி 10 தடவைக்கு 25,000 ரூபாய் கட்டினேன். முதல் தடவையே படபடப்பு. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. உள்ளே அனுப்புமுன் யாரும் கேட்கவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டால், 'கட்டிய தொகை திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
– பேர்லேண்ட்ஸ் வாசகர்

பதில்: ரசீதில் அச்சடித்துவிட்டால் சட்டம் விலகி நிற்காது. உங்கள் வழக்கு எதில் வலுவானது என்பதைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டும். 'பிடிக்கவில்லை, மனது மாறிவிட்டது' என்று எழுதினால் பலம் குறைவு. 'ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்காமல் உள்ளே அனுப்பினார்கள்' என்பது சேவைக் குறைபாடு. 'மூட்டுவாதம் குணமாகும்' என்பது தவறான விளம்பரம். இந்த இரண்டையும் முன்னால் வையுங்கள். இத்தகைய அறைகளுக்குச் சொல்லப்படும் மருத்துவப் பலன்களுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-லேயே சொல்லிவிட்டது. தசை வலியைப் பற்றி 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்புக்குக் கிடைத்ததே நான்கு சிறிய ஆய்வுகள், 64 பேர். அதை வைத்துப் பலன் உண்டு என்று சொல்ல முடியவில்லை.

விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு இருக்காது. படபடப்பு வந்த அன்று மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத ஒன்பது தடவைக்கான 22,500 ரூபாயைக் கேட்டு, 15 நாள் கெடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். வரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஜெல் பேக், வலி ஸ்பிரே, சாதாரண ஐஸ்: கபடி ஆடும் மகளுக்கு எதை வாங்கி வைப்பது?
– அம்மாபேட்டை வாசகி

பதில்: ஐஸ். உருகும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும். ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஜெல் பேக் மைனஸ் 18 வரை இருக்கும். வெறும் தோலில் வைத்தால் தோல் புண்ணாகிவிடும். எதுவானாலும் ஈரத்துணி சுற்றி, 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பயணத்துக்கு ஜெல் பேக் வசதிதான், ஒன்று வாங்கி வைத்தால் தப்பில்லை. மென்தால் ஸ்பிரே தரும் 'ஜில்' வெறும் உணர்வு. தோலின் நரம்பைத் தூண்டுகிறதே தவிரத் தசையைக் குளிர்விப்பதில்லை. ஐஸ்கிரீம் கடையில் கிடைக்கும் டிரை ஐஸை மட்டும் வீட்டில் யாரும் எடுத்துவிடாமல் பாருங்கள். அது மைனஸ் 78 டிகிரி.

கேள்வி: ஜிம்முக்குப் போகும் என் பையன் உடம்பு ஏற்ற வேண்டும் என்கிறான். அவனும் ஐஸ் பாத் கேட்கிறான்.
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: அவனுக்கு அது எதிர்வேலை செய்யும். எடை தூக்கிப் பயிற்சி செய்த 21 ஆண்களை 12 வாரம் கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் 10 நிமிடம் குளிர் தண்ணீரில் இருந்தவர்களுக்கு, லேசாக சைக்கிள் மிதித்தவர்களை விடத் தசையும் பலமும் குறைவாகவே கூடின. அந்தப் பணத்தை முட்டைக்கும் பருப்புக்கும் போடச் சொல்லுங்கள். அடுத்தடுத்த நாள் போட்டி இருந்தால் மட்டும் அன்றைய வலிக்காக இறங்கலாம்.

கேள்வி: ஏற்காட்டிலேயே தங்கினால் ஏரியில் இறங்கி நிற்கலாமா?
– சேவாப்பேட்டை வாசகர்

பதில்: கூடாது. படகு போகும் ஏரி அது, ஆழமும் சேறும் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் விடுதிக் குழாய்த் தண்ணீரே நன்றாகச் சில்லிட்டிருக்கும். மீன் தொட்டிக்கு விற்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாளியில் போட்டுப் பாருங்கள். 15-க்குப் பக்கத்தில் காட்டினால் ஐஸே வாங்க வேண்டாம்.