மேகமா, நட்சத்திரமே இல்லையா?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 32 வயது. புது வண்ணாரப்பேட்டை. ஒளி கூடிக் குறையும் மாறும் விண்மீன்களைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ச்சி செய்து பி.எச்டி. வாங்கினேன். பிறகு வெளியூரில் மூன்று வருடம் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை. அது மார்ச் மாதம் முடிகிறது. அடுத்த இடத்துக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. வீட்டில் அம்மா தனி. டேட்டா சயின்ஸ் பக்கம் போகலாம் என்று பார்த்தால் எல்லா விளம்பரத்திலும் ‘தொழில் அனுபவம்’ கேட்கிறார்கள். ஆறு மாத கோர்ஸ் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? இந்த ஒன்பது வருடமும் வீண்தானா?
- பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, நான் தண்டையார்பேட்டை. உன்னைப் போலவே வானியலில் பி.எச்டி. செய்துவிட்டு டேட்டா சயின்ஸ் பக்கம் வந்தவள். பக்கத்துப் பேட்டைக்காரியை ‘நீங்கள்’ என்று எழுதக் கை வரவில்லை, கோவிச்சுக்காதே.

அந்தப் பணத்தைக் கட்டாதே. விட்டு விட்டு எடுத்த அளவீடுகளை வைத்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் சுழற்சிக் காலத்தைக் கண்டுபிடிப்பவள் நீ. உனக்குப் பைத்தான் நிரல்மொழியும் ரெக்ரஷன் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒன்றரை லட்சமா? அம்மா பேரில் போட்டு வை.

உன் பயோடேட்டா எத்தனை பக்கம்? என்னுடையது ஐந்து பக்கம் இருந்தது. கட்டுரைகள், கருத்தரங்குகள், காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, எல்லாம் வரிசையாக. ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை. எங்கப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டையை எண்ணி எண்ணியே எங்களை வளர்த்தவர். ஒருநாள் அந்த ஐந்து பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுக் கேட்டார்: “இதுல நீ என்னம்மா எண்ணின? எவ்ளோ எண்ணின?”

அன்று ராத்திரியே உட்கார்ந்து திருப்பி எழுதினேன். இத்தனை இரவு, இத்தனை ஆயிரம் படம், அதில் தானாகக் குப்பையைக் கழிக்க நான் எழுதிய நிரல், முன்பு இரண்டு நாள் பிடித்த வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒரே பக்கம். கட்டுரைகளுக்கு ஒரு வரி. பி.எச்டி. காலத்தை ‘படிப்பு’க்குக் கீழே போடாமல் ‘வேலை’க்குக் கீழே போட்டேன். உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆறு வருடம் முழுநேரமாகச் செய்தது வேலை இல்லாமல் வேறு என்ன?

கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நேர்காணலில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க, இத வச்சு யார் என்ன முடிவெடுத்தாங்க?” என்றார். முழித்தேன். அந்த வேலை போச்சு. உன் ஆய்வை இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் சொல்லிப் பார். அம்மா எங்கே கொட்டாவி விடுகிறாரோ அங்கே வெட்டு.

இப்போது, வீணா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது மளிகையும் பாலும் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். நாளைக்கு எந்தக் கடைக்கு எவ்வளவு போகும் என்று முன்கூட்டிச் சொல்வது என் குழுவின் வேலை. 2024 நவம்பரில் ஒரு தம்பி வந்து, “அக்கா, நார்த் மெட்ராஸ்ல டிசம்பர் முதல் வாரம் பால் விக்கவே விக்காது போல, மாடல் அப்படித்தான் சொல்லுது” என்றான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த அதே வாரம், முழங்கால் தண்ணீரில் மூன்று கடை அலைந்து ஒரு பாக்கெட் பால் கிடைக்காமல் வரக்காப்பி குடித்தவள் நான். லாரி உள்ளேயே வரவில்லை. கணக்கில் விற்பனை பூஜ்யம் என்று ஏறியிருக்கிறது. மாடலும் அதைப் படித்துவிட்டு, இந்த ஜனங்களுக்குப் பால் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டது.

நீயாக இருந்தால் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். நட்சத்திரம் தெரியவில்லை என்றால் ‘ஒளி பூஜ்யம்’ என்று எழுதுவோமா? மேகம் மூடியிருந்தால் அந்த இரவைக் காலியாக விடுவோம். வானம் தெளிவாக இருந்தும் தெரியாவிட்டால், ‘இந்த அளவைவிட மங்கல்’ என்று எழுதுவோம். சரக்கே இல்லாத நாட்களை அப்படிக் காலியாக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். கணிப்பு ஒழுங்குக்கு வந்தது. இதை எந்த ஆறு மாத கோர்ஸிலும் நான் கற்கவில்லை. மழைக்காலத்தில் தொலைநோக்கியின் டோமைத் திறக்க முடியாமல் காவலூரில் விடிய விடிய உட்கார்ந்து கற்றது.

கற்க வேண்டியது இல்லாமல் இல்லை. தரவுத்தளத்தில் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லை ஒழுங்காகப் படி. விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் தரவை, வானியல்காரர்களின் ஏ.டி.க்யூ.எல். மொழியில் எழுதி எடுத்திருப்பாயே, அது இதன் உடன்பிறப்புதான், இரண்டு வாரம் போதும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யப் பழகு. உனக்கு நிஜமாகவே புதிதாக இருக்கப்போவது ஏ/பி சோதனை. வானியல்காரர்கள் பார்க்க மட்டும் பிறந்தவர்கள், நட்சத்திரத்தில் பாதியைப் பிரித்து வேறு மாதிரி எரிய வைக்க முடியாது. இங்கே பாதிப் பேருக்கு ஒரு விலை, மீதிப் பேருக்கு வேறு விலை காட்டிப் பார்ப்பார்கள். அதன் புள்ளியியலை ஆழமாகப் படி, நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள்.

இன்னொன்று, வேகம். சேர்ந்த புதிதில், கணிப்பின் பிழையை 9 சதவீதத்தில் இருந்து 8.6 ஆக்க மூன்று வாரம் செலவழித்தேன். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மேனேஜர், “லாரில பெட்டி பெட்டியா, கிரேட் கணக்குலதான் ஏத்துறோம். இந்த வித்தியாசம் அரை கிரேட் வருமா?” என்றார். வராது. உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் கேட்டது சரி.

எனக்கு எல்லாம் இனிக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். என் கேள்வியை நானே தேர்ந்தெடுத்த அந்த நாட்கள் போனது போனதுதான். அதற்காக நான் ஞாயிற்றுக்கிழமை செய்வது இதுதான்: 2022இல் வெளியான கையாவின் மூன்றாம் தொகுப்பில் ஏறக்குறைய 180 கோடி விண்மீன்கள் திறந்து கிடக்கின்றன. அதில் பிடித்ததை எடுத்து நோண்டுவேன், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஒரு வீட்டு விஷயம். வேலைகளில் பெரும்பாலானவை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம். நம்மூரில் இருந்து மெட்ரோவில் சென்ட்ரல், நடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் திருவான்மியூர், அப்புறம் ஷேர் ஆட்டோ. போக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள், வரவும் அவ்வளவுதான். சம்பளம் கேட்பதற்கு முன்னால் வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ் என்று கேள்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டேட்டா சயின்ஸுக்குப் போக முதலில் வானியலில் பி.எச்டி. செய்தால் நல்லதா?
- வியாசர்பாடி மாணவன்

பதில்: வேண்டாம் தம்பி. ராயபுரத்துக்குப் போக எண்ணூர் சுற்றுவாயா? டேட்டா சயின்ஸ்தான் வேண்டும் என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். கல்லூரியில் இருந்துகொண்டே சேரலாம். வானம்தான் வேண்டும் என்றால் கேள்வியை மாற்றி எழுது, வேறு பதில் தருகிறேன்.