வாட்டர் கூலர் அப்புறம் பார்க்கலாம், முதலில் கேபினெட்டைப் பாருங்கள்

கேள்வி: நான் கல்லூரி மாணவன். வீடியோ எடிட்டிங், கொஞ்சம் கேம் இரண்டுக்குமாக முதல்முறையாக நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். ரைசன் 5 7600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்று முடிவு செய்திருக்கிறேன். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி கிடையாது. எங்கள் ஊர் வெயிலுக்கு, பிராசஸரின் சூட்டைத் தண்ணீரால் தணிக்கும் வாட்டர் கூலர் இல்லாமல் தாங்காது என்கிறார் கடைக்காரர். போடத்தான் வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி. 7600 ஒரு 65 வாட் பிராசஸர், முழு வேலை கொடுத்தாலும் 88 வாட்டோடு நின்றுவிடும். பிராசஸர் பெட்டியிலேயே வரும் ரெய்த் ஸ்டெல்த் என்ற ஃபேன் கூலரே அதைச் சமாளிக்கும். அது போடும் சத்தம் எரிச்சலாக இருந்தால், சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் நாலும் 120 மி.மீ. ஃபேனும் உள்ள சாதாரண டவர் கூலர் ஒன்று வாங்குங்கள், போதும். பெட்டி இல்லாமல் 'ட்ரே' பிராசஸர் என்று கொடுத்தால் அதில் கூலர் இருக்காது, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். காற்றோ தண்ணீரோ, எந்தக் கூலராலும் அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாக பிராசஸரை வைக்க முடியாது. தண்ணீர் சுமந்துவரும் சூட்டையும் கடைசியில் ரேடியேட்டர் உங்கள் அறைக் காற்றில்தானே கொட்டியாக வேண்டும்? யூடியூபில் காட்டும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதம் உங்கள் அறை 38 டிகிரியில் இருந்தால், அங்கே 70 காட்டியது உங்களிடம் 85ஐ ஒட்டிக் காட்டும், அதற்காகப் பதறாதீர்கள். இந்த பிராசஸரின் எல்லை 95 டிகிரி, அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது.

வாட்டர் கூலருக்கு ஒதுக்க நினைத்த பணத்தை நல்ல கேபினெட்டில், அதாவது எல்லாவற்றையும் உள்ளே மாட்டும் கம்ப்யூட்டர் பெட்டியில், போடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நம் ஊரில் நிறையப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே மூன்று கலர் லைட் ஃபேன், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஃபேன்களுக்குக் காற்று வர, கண்ணாடியின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்குதான் இருக்கும். பிராசஸர் சூட்டோடு கிராபிக்ஸ் கார்டு கக்கும் 115 வாட்டும் சேர்ந்து உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் எந்தக் கூலர் போட்டு என்ன? முன்பக்கம் வலை வைத்த கேபினெட்டாக வாங்குங்கள். ஏற்கெனவே கண்ணாடி கேபினெட் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம்: ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, முன் பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாறு டிகிரி குறைந்தால் காற்றை மறித்தது அந்தக் கண்ணாடிதான்.

முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். ஃபேனில் குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், மாட்டும்போது அதைக் கவனியுங்கள். உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் தூசி பெரும்பாலும் முன்பக்க ஃபில்டரிலேயே தங்கிவிடும், அதை மாதம் ஒரு தடவை கழுவிக் காயவைத்து மாட்டலாம். ப்ளோயர் அடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும்.

கேபினெட்டோடு இலவசமாகத் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பாகம்) மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். இந்தக் கம்ப்யூட்டருக்கு நல்ல கம்பெனியின் 550 வாட், '80 பிளஸ் பிரான்ஸ்' என்ற மின்திறன் தரச்சான்று உள்ளது தாராளம்.

கேள்வி: அடிக்கடி கரண்ட் போகிறது. வீட்டு இன்வெர்ட்டரே கம்ப்யூட்டருக்குப் போதுமா, தனியாக யுபிஎஸ் வேண்டுமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, அதில் யுபிஎஸ் மோட் இருந்தால் பெரும்பாலும் போதும். கரண்ட் போன நொடியில் எஸ்.எம்.பி.எஸ் தன்னிடம் உள்ள மின்சாரத்தை வைத்து முழுச் சுமையில் 16, 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும், அதற்குள் இன்வெர்ட்டர் கைமாற்ற வேண்டும். சாதாரண மோடில் அது தாமதமாகி கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தனி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள், இன்றைய எஸ்.எம்.பி.எஸ்களுக்கு அந்த மின்சாரம் ஒத்துவராது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? அப்படியானால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: புது ரைசன் 7600, டிடிஆர்5 ரேம் போட்டு எல்லாம் மாட்டிவிட்டேன். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. போர்டு போய்விட்டதா?
– வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள். உங்கள் பிராசஸர் பொருந்தும் ஏஎம்5 வகை மதர்போர்டுகள் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் இல்லை என்றால், மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா, போர்டில் செருகிவிட்டீர்களா என்று பாருங்கள். அடுத்து ரேம். இரண்டு ரேம் என்றால் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில், 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். பிராசஸருக்கான தனி 8 பின் வயரை மறப்பவர்களும் நிறைய உண்டு. அப்புறம், டவர் கூலர் போட்டிருந்தால் அதன் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? அது அப்படியே இருந்தால் திரை வரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பிராசஸர் 95 டிகிரியில் போய் நிற்கும். கழற்றி உரித்து, பிராசஸர் மேல் உள்ள பழைய பேஸ்ட்டை (சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள்.