தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணத்தை அடக்கலாமா? கேள்வி பதில்

தம்மைப் பற்றிய எதிர்மறை எண்ணங்களை அடக்கிவைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, கொழும்பில் நீண்ட காலமாக உளவளத்துணைப் பணியில் இருக்கும் ஒருவர் அளித்த பதில்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, நான் இரண்டாம் தடவையாக உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறேன். இரவில் படுத்ததும் "நீ எதற்கும் லாயக்கில்லாதவள்" என்ற எண்ணம் வருகிறது. தள்ளத் தள்ள இன்னும் கூடுதலாக வருகிறதே, ஏன்?

பதில்: தங்கச்சி, தள்ள முயலும் எவருக்கும் இதுதான் நடக்கும். ஆகவே உங்கள் மனம் பலவீனமானது என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். 1987 இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் மாணவர்களைத் தனியறையில் அமர்த்தி, ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மேசையிலுள்ள மணியை அடிக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு முயன்றும் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பின்னர் "இப்போது நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலில் அடக்கியவர்கள், ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள்.

இதற்கான விளக்கத்தை வெக்னர் 1994 இல் விரிவாக எழுதினார். ஓர் எண்ணத்தை விலக்க முயலும்போது மனத்தில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று வேறு எதையாவது தேடிப் பிடிக்கிறது. அதற்கு முயற்சி வேண்டும். மற்றது, விலக்கிய எண்ணம் எட்டிப் பார்க்கிறதா என்று ஓயாமல் வேவு பார்க்கிறது. அது தானாகவே நடக்கும். எதை வேவு பார்க்கிறோம் என்பதை மறந்துவிட்டால் வேவு பார்க்க முடியாது அல்லவா? பகல் முழுவதும் வகுப்பு, பஸ், மீட்டல் என்று களைத்துப்போய்ப் படுக்கும்போது முதல் வேலை ஓய்ந்துவிடுகிறது, இரண்டாவது ஓய்வதில்லை. உங்களுக்கு இரவில் கூடுதலாக வருவதற்குக் காரணம் இதுதான்.

கரடி திரும்பி வந்தால் யாரும் தம்மை நொந்துகொள்வதில்லை. தன்னைப் பற்றிய எண்ணம் திரும்பி வரும்போதோ, "இதைக்கூட என்னால் நிறுத்த முடியவில்லையே" என்று அதுவே புதிய குற்றச்சாட்டாகிவிடுகிறது. ஜெனிஃபர் போர்ட்டனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றிய கசப்பான எண்ணத்தை அடக்கியவர்களின் மனநிலையும் சுயமதிப்பும் அடக்காதவர்களைவிடக் கீழே இறங்கியதைக் கண்டார்கள். என் பார்வையில், இந்த விடயத்தில் நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

வெக்னரின் அந்த வெள்ளைக் கரடி ஆய்விலேயே உதவக்கூடிய இன்னொரு தகவலும் உண்டு. கரடி நினைவு வந்தால் சிவப்பு ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்றை மட்டும் நினையுங்கள் என்று சிலரிடம் சொன்னபோது, அவர்களிடம் அந்தத் திரும்பி வருதல் குறைந்தது. கண்ணில் பட்டதிலெல்லாம் கவனத்தைச் செலுத்தித் தப்ப முயன்றால், அந்தப் பொருள்கள் அனைத்தும் விலக்கிய எண்ணத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நுளம்பு வலை, சுழலும் மின்விசிறி, மேசையில் கிடக்கும் கடந்தகால வினாத்தாள் கட்டு எல்லாமே மறுநாள் அதை நினைவூட்டும். ஆகவே கவனத்தைத் திருப்ப வேண்டுமானால், ஒரே ஒரு விடயத்தை முன்கூட்டியே தெரிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக் கோட்டையில் பணிபுரியும் மட்டக்களப்பு இளைஞர்: என்னுடைய சிங்களம் தடுமாறும். கூட்டத்தில் பேச எழும்போதே "எல்லோர் முன்னாலும் அவமானப்படப் போகிறாய்" என்று மனம் சொல்கிறது. அதை அடக்கிக்கொண்டே பேசப் பார்க்கிறேன், சொற்களே வருவதில்லை.

பதில்: தம்பி, இரண்டாம் மொழியில் வாக்கியம் அமைப்பதே மனத்துக்குப் பெரிய சுமை. அதன்மேல் அடக்கும் சுமையையும் ஏற்றினால் இரண்டுமே தடுமாறும். கூட்டத்துக்கு முன்னர் உங்கள் பெயரைச் சொல்லி, வேறொருவரிடம் பேசுவதுபோல் மனத்துக்குள் பேசிப் பாருங்கள்: "(உங்கள் பெயர்) பயப்படுகிறான், பயம் இருந்தாலும் முதல் வாக்கியத்தைச் சொல்வான்." ஈதன் குரொஸ் என்ற உளவியலாளரின் குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வுகளில், "நான்" என்பதற்குப் பதிலாகத் தம் பெயரைச் சொல்லித் தம்மோடு பேசியவர்கள், மேடைப்பேச்சு போன்ற பதற்றமான வேளைகளை ஓரளவு நிதானத்துடன் எதிர்கொண்டார்கள். முதல் வாக்கியத்தை மட்டும் சிங்களத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

தெஹிவளையிலிருந்து ஒரு தாய்: மகனைத் தினமும் கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளன்" என்று சொல்லச் சொல்கிறேன். இது நல்லதா?

பதில்: அவர் ஏற்கெனவே தம்மைத் தாழ்வாக நினைப்பவராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஜோஆன் வூட்டும் சக ஆய்வாளர்களும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சுயமதிப்புக் குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்ற வகை வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்களின் மனநிலை இன்னும் மோசமாயிற்று. நம்ப முடியாத வாக்கியத்துக்கு மனம் உள்ளிருந்து மறுப்புச் சொல்கிறது. மகன் உண்மையில் செய்த ஒரு வேலையை அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள், அது போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தை: மனத்தை அடக்கப் பழக வேண்டும் என்றுதானே நம் பெரியவர்கள் சொன்னார்கள்? நீங்கள் அதை வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்கு வலுச்சேர்க்கும் ஆய்வும் இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சுல்காய்தா மமட், மைக்கல் அண்டர்சன் இருவரும் 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேருக்கு மூன்று நாட்கள் பயிற்சி அளித்து, தங்கள் அச்சங்கள் குறித்த காட்சிகளைத் தடுக்கப் பழக்கினார்கள். 2023 இல் வெளியான அந்த முடிவுகளின்படி, அச்சங்கள் மங்கின, பலருடைய மனநலமும் மேம்பட்டது. ஆனால் அங்கே செய்யப்பட்டதைக் கவனியுங்கள்: நடக்கக்கூடும் என்று அஞ்சும் குறிப்பிட்ட நிகழ்ச்சியை நினைவூட்டும் சொல்லை நேராகப் பார்த்து, அதை ஏற்றுக்கொண்டு, அதன்பின் கற்பனைக் காட்சியை மட்டும் எழவிடாமல் நிறுத்துகிறார்கள். "நான் லாயக்கில்லாதவள்" என்பது காட்சியன்று, தீர்ப்பு. தீர்ப்பை விசாரிக்காமல் மூடிவைத்தால் அது செல்லுபடியாகும் தீர்ப்பாகவே உள்ளே கிடக்கும் என்பது என் கருத்து.

மீண்டும் கொட்டாஞ்சேனை மாணவி: அடக்காமல் விட்டால் அதிலேயே மூழ்கிவிடுவேனே, அக்கா?

பதில்: நியாயமான பயம். ஒரே துயரத்தை மனத்துக்குள் அரைத்துக்கொண்டே இருப்பது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதை உளவியலாளர் சூசன் நோலன்-ஹொக்சிமா 1990களிலிருந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அடக்குவதும் அரைப்பதும் இரண்டுமே எண்ணத்தை விசாரிக்காமல் விடுகின்றன. மாலையில், படுக்கைக்கு வெகு முன்பாக, ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு கொப்பியில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அடுத்த வரியில் "என்ற எண்ணம் எனக்கு வருகிறது" என்று சேருங்கள். அதன்பின், 1960களில் மனநல வைத்தியர் ஆரோன் பெக் தம் நோயாளிகளிடம் கேட்கத் தொடங்கியதைப் போல, இதற்கு என்ன சான்று என்று கேளுங்கள். "இணைந்த கணிதத்தில் எஸ் (சாதாரண சித்தி) எடுத்தேன்" என்பது சான்று. அது ஒரு பாடத்தைப் பற்றியது. "எதற்கும்" என்ற சொல்லை அது தாங்காது. அந்த வரியை எழுதியதும் நுண்கணிதமா, நிலையியலா, எங்கே புள்ளி போயிற்று என்று எழுதுங்கள். இருபது நிமிடம் ஆனதும் கொப்பியை மூடிவிடுங்கள். இரவில் எண்ணம் வந்தால் சண்டை வேண்டாம், "நாளை மாலை பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆரம்பத்தில் எழுதி முடித்த கையோடு மனம் கனத்துப்போகலாம். அதைத் தோல்வியாகக் கொள்ளாதீர்கள்.

பெயர் குறிப்பிடாத ஒருவர்: இதற்கெல்லாம் டொக்டரிடம் போக வேண்டுமா?

பதில்: இந்த எண்ணங்கள் இரண்டு வாரங்களுக்கு மேலாக அநேகமாக எல்லா நாட்களும் நீடித்து, தூக்கம், சாப்பாடு, வேலை ஆகியவற்றைக் கெடுத்தால் போக வேண்டும். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளிலும் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்திலும் சிகிச்சை பெறலாம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். நீங்கள் உங்களைப் பற்றியே கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்குத் தனியாகவும் எழுதுங்கள்.