18 வயது முடிந்த பிறகு யாரிடம் போவது?

வாசகர் கேள்விகளுக்கு மனநல சமூகப் பணியாளரின் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயதில், மனம் அளவுமீறிப் பொங்குவதும் சோர்ந்து விழுவதுமாக மாறும் பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு இருப்பதாகக் கண்டறிந்தார்கள். மதுரையில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு ஒன்றில் சிகிச்சை பெற்று, லித்தியம் மாத்திரையால் இரண்டரை ஆண்டுகளாக நன்றாக இருக்கிறாள். அடுத்த மாதம் 18 முடிகிறது. ‘இனி பெரியவர்கள் ஓ.பி.க்குப் போகவும்’ என்று சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் அழைத்துச் சென்றேன். அங்கிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் ‘இனி வரமாட்டேன்’ என்று திரும்பிவிட்டாள். கோவையில் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கப் போகிறாள். இனி மருத்துவர் என்னிடம் எதுவும் பேசமாட்டாரா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. புதிய மருத்துவர் மகளைப் பார்த்து மருந்துச் சீட்டு எழுதித் தரும் நாள்வரை மாத்திரை ஒரு வேளைகூட விடுபடாதபடி, இப்போதைய மருத்துவரிடமே கேட்டுப் போதிய அளவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். பழைய இடத்தை விட்டாயிற்று, புதிய இடத்தில் இன்னும் சேரவில்லை என்ற அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் பல பிள்ளைகளின் சிகிச்சை அறுந்துபோவதை என் பணியில் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குக் கொடுத்த ஒருவரிச் சீட்டு போதாது. இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதும் அன்று. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, சிறார் சேவையிலிருந்து பெரியவர்களுக்கான சேவைக்குப் போன இளையோரைப் பின்தொடர்ந்து பார்த்தது. முன்கூட்டிய திட்டம், முழுமையான தகவல், இரு குழுக்களும் சேர்ந்து பணியாற்றுதல், சென்ற பிறகும் அறுபடாத சிகிச்சை ஆகிய நான்கும் கிடைத்தவர்கள் அவர்களில் 5 விழுக்காட்டினர்கூட இல்லை. மன அழுத்தம், பதற்றம், மூளை நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பெரியவர்களுக்கான சேவையைச் சென்றடைவதே குறைவாக இருந்தது. பிறகு, 2016இல், மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், இளைஞர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரு பணியாளர், மாறுவதற்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமுமாவது துணை நிற்க வேண்டும் என்றது. நம் மருத்துவமனைகளின் நெரிசலில் அது முழுதாக வாய்க்காது என்பதை அறிவேன். ஆயினும் ‘ஒருவர்’ என்ற அந்தக் கருத்தை நீங்கள் விடக்கூடாது. தற்போதைய மருத்துவமனையிலும், கோவையில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனையிலும் மனநல சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அவ்விருவரும் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசிக்கொள்ளும்படி வற்புறுத்திக் கேளுங்கள். அந்தப் பத்து நிமிட உரையாடலுக்கு எந்தச் சீட்டும் ஈடாகாது.

கையில் எடுத்துச் செல்ல ஒரு முழுமையான சிகிச்சைச் சுருக்கம் வேண்டும். எந்த மாத்திரை எந்த அளவில் எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தப்பட்டது, கடைசியாகப் பரிசோதித்தபோது இரத்தத்தில் இருந்த லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை மருத்துவர் எழுதித் தருவார். அதன் முதல் பக்கத்தை மட்டும் மகளையே எழுதச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண், ‘மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் எழுந்து, நான்கு தோழிகளுக்குப் பக்கம் பக்கமாக வாட்ஸாப் அனுப்பத் தொடங்கினால் எனக்கு நோய் திரும்புகிறது என்று பொருள்’ என்று எழுதியிருந்தாள். புதிய மருத்துவர் முதலில் படித்தது அதைத்தான். அடுத்த கேள்வியை அவர் தாயிடம் கேட்கவில்லை, அவளிடமே கேட்டார்.

விடுதி வாழ்க்கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லித்தியம் அளவுக்கான இரத்தம், முந்தைய வேளை மாத்திரை போட்டு ஏறத்தாழ 12 மணி நேரம் கழிந்த பிறகே எடுக்கப்பட வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு, காலை மாத்திரைக்கு முன்னால். வீட்டில் இதை நீங்கள் நினைவூட்டியிருப்பீர்கள், இனி அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் வலிக்கு அறைத்தோழி நீட்டும் ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் இரத்தத்தில் லித்தியத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்து உடலில் நீர் வற்றினாலும் அப்படியே. கை வெகுவாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை இப்போதே, வீட்டில், பதறாத குரலில் சொல்லிக் கொடுங்கள்.

அவள் வரமாட்டேன் என்றதைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொம்மையும் வண்ணச் சுவரும் இருந்த இடத்திலிருந்து, நெடுங்காலம் நோயோடு வாழ்ந்தவர்கள் அமர்ந்திருக்கும் கூடத்துக்கு ஒரே நாளில் வந்தவள், ‘நானும் இப்படித்தான் ஆகப்போகிறேனா’ என்று நினைத்திருப்பாள். அந்தக் கேள்விக்கு ஒருவர் அவளுடன் உட்கார்ந்து விடை சொல்ல வேண்டும். அடுத்த முறை மருத்துவருக்காகப் போகாமல், கூட்டம் குறைந்த நேரத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு, சமூகப் பணியாளரைச் சந்தித்துவிட்டு மட்டும் வாருங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையும்வரை பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் பிள்ளையின் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் துணை நின்று மருத்துவரிடம் தகவல் கேட்டுப் பெறத்தக்கவர். அதன் பிறகு அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மகளுடையது. உங்கள் பெயரை அவள் ஒரு வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, நீங்களும் எழுத்தில் சம்மதம் தந்தால் நீங்களே தொடரலாம். ஆனால் அவளாக விரும்பி எழுத வேண்டும். இப்போதிருந்தே ஒவ்வொரு முறையும் முதல் பத்து நிமிடம் நீங்கள் வெளியே அமர்ந்து, அவள் தனியாகப் பேசட்டும். வெளியே அமர்வது உங்களுக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். வார்டிலேயே எனக்கு 18 முடிந்தது. அதன் பிறகும் எல்லாத் தாள்களிலும் அப்பாவின் கையெழுத்தையே வாங்கினார்கள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இது சரிதானா?
– வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பிக்கு, சரியன்று. சிறாராகச் சேர்க்கப்பட்டவருக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே 18 வயது நிறைந்தால், அன்றிலிருந்து அவரைச் சுயசார்பு நோயாளியாக, அதாவது தன் சிகிச்சையைத் தானே முடிவுசெய்பவராக, வகைப்படுத்த வேண்டும் என்று மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 88ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. சிகிச்சைக்கான சம்மதம் அன்றிலிருந்து உங்களுடையது. வீட்டுக்குப் போக விரும்பினால் அதை நீங்களே கேட்கலாம். தொடர்ந்து சேர்க்கை தேவையா என்று மதிப்பிடுவதற்காக மட்டும் உங்களை 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. அடுத்த மருத்துவருக்குப் பயன்படும் என்பதால் அவற்றை இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

அப்பாவின் மேல் கோபம் இருந்தால் ஒன்று சொல்வேன். அவரிடம் தாளை நீட்டியவர்கள், இனி மகனைத்தான் கேட்க வேண்டும் என்று அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். அது என்னைப் போன்றோரின் வேலை. நியமனப் பிரதிநிதியாக அக்காவையோ சித்தப்பாவையோ நம்பிக்கையான நண்பரையோ நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அவர் 18 வயது நிறைந்தவராக இருந்து சம்மதிக்க வேண்டும். நோய் மீண்டும் கடுமையானால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டிய அறிவுறுத்தல் எழுதி வைக்கவும் இப்போது உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. நலமாக இருக்கும் இந்த நாட்களிலேயே எழுதுங்கள்.

கேள்வி: குழந்தைகள் இல்லத்தில் பணிபுரிகிறேன். மனநல மருந்து எடுக்கும் ஒரு பெண் இரண்டு மாதத்தில் 18 முடிந்து வெளியேறுகிறாள். பெற்றோர் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?
– வாசகி, திருச்சி

பதில்: நிறையச் செய்யலாம், அம்மா. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ், இல்லத்தை விட்டுச் செல்வோருக்குப் பிற்கால பராமரிப்பு பொதுவாக 21 வயது வரை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இன்றே விண்ணப்பியுங்கள். அவள் எங்கே தங்கப் போகிறாள் என்பது முடிவானதும், அந்த இடத்துக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, அவள் வெளியேறும் முன் நீங்களே ஒருமுறை உடன் சென்று பதிவு செய்துவிடுங்கள். ஆதாரும் மருந்துச் சீட்டும் இல்லப் பெட்டியில் தங்கிவிடாமல் அவள் கைப்பையில் இருக்கட்டும். இரவில் மனம் தாங்காதபோது அழைக்க 14416 என்ற, அரசின் டெலி மனஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணை அவள் கைப்பேசியில் சேர்த்துக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கு அடுத்ததாக, முடியுமானால், உங்கள் எண்ணையும்.